சமையற்குழுப் பெண்களுக்குக் கைப்பேசிக் காணொளிப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கன்னடியன்கால் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருக்கிறேன். எங்கள் குழுக்களில் சமையலையே தொழிலாகக் கொண்ட பெண்கள் பலர் உள்ளனர். சிலர், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு மறு ஆண்டு மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், பள்ளிகளில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் ஆக்குபவர்கள். மற்றவர்கள் சடங்கு, வளைகாப்பு, பால் காய்ப்பு, கோயில் கொடை என்று ஊர் விசேஷங்களுக்கு 50 பேர் முதல் 300 பேர் வரை சமைத்துக் கொடுப்பவர்கள்.

இவர்களில் மூத்தவர்களின் கைப்பக்குவம் இளையவர்களுக்கு முழுதாக வந்து சேரவில்லை. முன்பெல்லாம் காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் பெரியவர் பக்கத்திலேயே நின்று தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு குழுவும் அவரவர் ஊரில் தனித்தனியே வேலை எடுப்பதால், தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியும் இடி சாம்பாரும் உளுந்தஞ்சோறும் நன்றாக வைக்கத் தெரிந்தவர் ஓர் ஊரிலும், கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர் வேறோர் ஊரிலுமாக இருக்கிறார்கள். ஆகவே, அவரவர் கையிலிருக்கும் கைப்பேசியிலேயே சமையலைப் படம் பிடித்து, குழுக்களுக்குள் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். பெயரும் புகழும் தேடுவதற்காக அன்று; ஒரு சமையல்காரர் இன்னொரு சமையல்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே.

முன்னோட்டமாகச் சிலரை எடுக்கச் சொல்லிப் பார்த்ததில் எனக்குப் பெருங்குழப்பம் ஏற்பட்டிருக்கிறது. கைப்பேசியை நீட்டியவுடன், இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் “வணக்கம் நேயர்களே” என்று தொலைக்காட்சிக் குரலுக்கு மாறிவிடுகிறார்கள். அளவு கேட்டால் ஒரு கை, கொஞ்சம், தேவைக்கு என்றே பதில் வருகிறது. எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைத்தது ஒரு காட்சி. மூத்த அம்மா ஒருவர் சொதி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாலில் காய் வெந்துகொண்டிருந்தபோது, அண்டாவின் பக்கம் லேசாகக் குனிந்தவர், மறு நொடியே அடுப்பிலிருந்து இரண்டு விறகுகளை வெளியே இழுத்துப் போட்டார். அவர் இழுத்தது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. எதைக் கண்டு இழுத்தார் என்பது படத்தில் எங்கும் இல்லை.

படம் பிடிக்கும் நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள். அந்தக் கைப்பக்குவத்தைப் படத்துக்குள் கொண்டுவர எப்படிப் பயிற்றுவிப்பது என்பதுதான் என் கேள்வி. சமையல் தொழிலில் இருப்பவர்களும் இத்தகைய பயிற்சி நடத்தியவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

வார்ப்பும் துடுப்பும் எழுதியது:

வணக்கம் சகோதரி. பாளையங்கோட்டைப் பக்கம், என் தகப்பனார் காலத்திலிருந்து கல்யாணச் சமையல்தான் எங்களுக்குத் தொழில். உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இந்தத் தொழிலில் சொல்லாமலே போய்விட்ட விஷயங்கள் ஏராளம்.

கைப்பேசியை முதல் நாள் வெளியே எடுக்கவே வேண்டாம் என்பேன். சாமான் லிஸ்டிலிருந்து தொடங்குங்கள். அளவு தெரியாது என்று சொல்லும் எந்தச் சமையல்காரரிடமும் “அம்மா, நூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு, சொதியோடு, லிஸ்ட் போட்டுத் தாருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். அரிசி 10 முதல் 12 கிலோ, தேங்காய் இத்தனை, சிறுபருப்பு இத்தனை, எலுமிச்சம்பழம் இத்தனை என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். வீட்டுக்காரர் கடையில் வாங்க வேண்டிய பட்டியலாகக் கேட்டால் அளவு வருகிறது. ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று கேட்டால் வராது. ஆகவே ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் அந்த லிஸ்டை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, சாமான்களை வரிசையாகப் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். “வணக்கம் நேயர்களே” என்பதற்கு அங்கே இடமே இருக்காது. லிஸ்ட் சொல்லும்போது எவருக்கும் தொழில் பேச்சுத்தான் வரும்.

கை அளவைக் குறைவாக எண்ண வேண்டாம். அந்தக் கை பல ஆண்டுகளாக ஒரே அளவைத்தான் அள்ளுகிறது. பக்கத்தில் ஒரு தராசை வைத்து, அவர் மிளகாயையோ சீரகத்தையோ அள்ளியதும் போடுவதற்கு முன் எடை பார்த்து அந்த எண்ணைப் படத்தில் காட்டினால் போதும். படிக் கணக்கில் சொல்பவராக இருந்தால் அவருடைய படியையே நிரப்பி எடை போடுங்கள், ஏனெனில் ஊருக்கு ஊர் படி ஒன்றுபோல இருப்பதில்லை.

இனி நீங்கள் சொன்ன விறகு விஷயம். அந்த அம்மா எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். சொதிக்குக் காயை இரண்டாம், மூன்றாம் பாலில்தான் வேகவிடுகிறோம். உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் முக்கால் பதம் வந்த நிலையில் கொதி கூடினால், காய் குழைவதோடு பாலும் திரிந்து எண்ணெய் மேலே கண் கண்ணாகத் தெரியத் தொடங்கிவிடும். அதற்குச் சற்று முன்னால் பச்சைத் தேங்காயின் வாடை மாறி வெந்த வாடை வரும். அண்டாவின் ஓரத்தில் சிறு நுரை கூடும். அந்த வாடைக்குத்தான் அவர் குனிந்திருக்க வேண்டும். பிறகு வெந்த சிறுபருப்பும், அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்து ஒரு கொதி வந்தபின், தீயை முழுவதும் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரம் நுரைத்ததும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே சாற்றைப் பிழிந்தால் மறுவீட்டுப் பந்தியில் மாப்பிள்ளைக்குத் திரிந்த சொதிதான் போகும்.

ஆக, ஒரு சொதிப் படத்தில் காட்டித் தீர வேண்டிய இடங்கள் இவைதாம்: காயின் முக்கால் பதம், ஓரத்து நுரை, முதல் பால் விழும்போது அடுப்பில் மிச்சமிருக்கும் தீ, இறக்கிய பின் சாறு. வெங்காயம் நறுக்குவதை ஐந்து நிமிடம் காட்டி, இவற்றை அரை நிமிடத்தில் கடப்பதுதான் இப்போது வரும் பல படங்களில் நடக்கிறது.

இன்னொன்றையும் கட்டாயம் பேச வைக்க வேண்டும். 50 பேருக்கு வைத்ததை 300 பேருக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் ஆறு மடங்காக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுண்டுவது குறைவு. எனவே தண்ணீரைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். உப்பு, மிளகாய், புளி மூன்றையும் கொஞ்சம் பின்னிறுத்தி, ருசி பார்த்துக் கூட்ட வேண்டும். வார்ப்பில், அதாவது அந்தப் பெரிய பாத்திரத்தில், இருக்கும் சோறு இறக்கிய பிறகும் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும் என்பதால், வீட்டில் பார்க்கும் பதத்துக்கு முன்னதாகவே வடித்துவிட வேண்டும். இளையவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டுச் சமையல் படங்கள் எத்தனை பார்த்தாலும் அவர்களுக்கு இது கிடைக்காது.

கடைசியாக ஒன்று. படம் பிடிப்பவரும் சமையல் தெரிந்தவராக இருக்கட்டும். சமையல் அறியாத பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் அவர்கள் முகத்தையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். குழுவில் இன்னொரு பெண் பிடித்தால், அண்டாவுக்குள் எப்போது பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தானாகவே தெரியும். “ஏன் மதினி இப்போ வெறக இழுத்தீய?” என்று கேட்கவும் அவருக்குத்தான் தோன்றும். அந்தக் கேள்வியும் பதிலும் படத்திலேயே இருக்கட்டும், வெட்ட வேண்டாம்.

நதியுண்ணி எழுதியது:

நல்ல முயற்சி. ஆனால் வெறுமனே வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதைவிட, நேரே யூடியூபில் ஒரு சானல் தொடங்கிவிடலாமே. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. நம் பக்கத்துச் சமையலுக்கு அதற்குக் குறைவில்லாத மதிப்பு உண்டு. பெண்களுக்குக் கூடுதல் வருமானமும் கிடைக்கும்.

சாரல்வீதி எழுதியது:

நதியுண்ணி அவர்களே, தங்கள் நல்லெண்ணம் புரிகிறது; ஆயினும் கேட்டவரின் தேவை வேறு என்று கருதுகிறேன். யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கே 1000 சந்தாதாரர்களும், பொதுவாக 12 மாதங்களுக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதை எட்டுவதற்காகப் படம் எடுக்கத் தொடங்கினால், பார்ப்பவரை மகிழ்விப்பது முதல் வேலையாகிவிடும். பதத்தைக் காட்டுவது பின்னுக்குப் போய்விடும். தொழில் கற்றுக்கொடுக்கும் படங்களை முதலில் குழுவுக்குள் எடுத்துப் பழகட்டும். அவற்றுள் தரமானவற்றைச் சம்மதத்தோடு பின்னர் பொதுவில் வைக்கலாம்.

நான் தென்காசியில் திருமணப் படப்பிடிப்புத் தொழில் செய்கிறேன். பந்தலில் இருக்கும் நேரத்துக்கு ஈடாக மண்டபத்துச் சமையற்கட்டிலும் நின்றிருக்கிறேன் என்பதால், அங்கே கைப்பேசிக்கு என்னென்ன நேரும் என்பதை எழுதுகிறேன்.

முதல் எதிரி ஆவி. அண்டாவுக்கு நேர் மேலே கைப்பேசியை நீட்டினால் லென்ஸ் உடனே பனித்துவிடும். சூட்டில் கைப்பேசியே அணைந்துபோவதும் உண்டு. காற்று வரும் பக்கத்தில் நின்று, தோள் உயரத்திலிருந்து சாய்வாகப் பிடிக்க வேண்டும். மடியில் ஓர் உலர்ந்த பருத்தித் துணி எப்போதும் இருக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்ட லென்ஸ்தான் பாதிப் படங்கள் மங்கலாக வருவதற்குக் காரணம் என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். சொதி வகையறாவுக்கு இது மிகவும் முக்கியம். கரிபிடித்த அண்டாவும் இருட்டான சமையற்கட்டும் சேர்ந்து, கைப்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அப்போது தேங்காய்ப்பால் வெறும் வெள்ளைப் பரப்பாகத் தெரியுமே தவிர, வார்ப்பும் துடுப்பும் அண்ணாச்சி சொல்லும் ஓரத்து நுரை தெரியவே தெரியாது. திரையில் பால் இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் குவியமும் வெளிச்சமும் அந்த இடத்துக்கு ஏற்ப நிலைத்துவிடும். இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தால் படங்களின் தரம் கண்கூடாக மாறும். கைப்பேசியின் சொந்த விளக்கைப் போட வேண்டாம். ஆவியில் பட்டுத் திரும்பி, எல்லாவற்றையும் வெண்புகையாக்கிவிடும்.

ஒலியைப் பொறுத்தவரை, கொடைச் சமையலில் மைக்செட்டும் மேளமும் இருக்கும்போது நேரடிப் பேச்சை நம்ப முடியாது. கையின் வேலையை மட்டும் அங்கே எடுத்துக்கொண்டு, மறுநாள் அமைதியான அறையில் அந்தப் படத்தையே ஓடவிட்டு, சமைத்தவரைப் பார்த்துப் பேசச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். தன் கையைத் தானே பார்க்கும்போது, சமைக்கும் நேரத்தில் சொல்ல மறந்தவை எல்லாம் அவர்களுக்கு நினைவுக்கு வரும். விறகை இழுத்த அந்த அம்மாவிடமும் அந்தப் படத்தையே போட்டுக் காட்டிக் கேளுங்கள். புதிதாக எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

ஒரே ஓட்டமாக அரைமணி நேரம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகளாக எடுத்தால் வெட்டும் வேலையே தேவைப்படாது. பிழையான துண்டை அழித்துவிட்டு அடுத்ததை வைத்துக்கொள்ளலாம். 1080 அளவில் எடுத்தால் ஒரு நிமிடமே பல கைப்பேசிகளில் 100 எம்பியைத் தாண்டும். 720 அளவே இந்த வேலைக்குப் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை எடுத்த தரத்திலேயே போகும்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்கிச் சமைக்கும் குடும்பங்களையும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களில் பொங்கல் இடுபவர்களையும் இந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. கல்லடுப்பில், ஆற்றங்கரையில், இருக்கும் பாத்திரத்தை வைத்துச் சமைக்கும் அந்தத் திறமை மண்டபச் சமையற்கட்டில் கிடைக்காது. மலைக்குள் சிக்னலை நம்ப வேண்டாம். எடுத்து வைத்துக்கொண்டு கீழே இறங்கிய பின் அனுப்பச் சொல்லுங்கள்.

கன்னடியன்கால் மீண்டும் எழுதியது:

அண்ணாச்சிக்கும் சாரல்வீதி அவர்களுக்கும் உளமார்ந்த நன்றி. லிஸ்டிலிருந்து தொடங்குவது, சமையல் தெரிந்தவரே படம் பிடிப்பது, படத்தைப் போட்டுக் காட்டிக் கேட்பது ஆகிய மூன்றையும் அப்படியே பயிற்சியில் சேர்க்கிறேன்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. பல பெண்களுக்குத் தனிக் கைப்பேசி கிடையாது, மகனுடையதோ கணவருடையதோதான். முகம் வெளியே போவதை வீட்டில் விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலர், “என் சொதிப் பக்குவத்தை எல்லாருக்கும் சொல்லிவிட்டால், அடுத்த வளைகாப்புக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

கொழுந்துமாமலை எழுதியது:

வணக்கம். கிராமப்புற விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

அந்தப் பெண்ணின் அச்சத்தைப் பேசிக் கரைக்க முயல வேண்டாம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். தன் தனிப் பக்குவத்தை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவான அடிப்படையை மட்டும் அவர் காட்டலாம். உளுந்தஞ்சோற்றுக்குக் கறுப்புத் தொலி உளுந்தை எவ்வளவு வறுப்பது, எள்ளுத் துவையலுக்கு எள் வெடிக்கும் பதம் எது என்பவை மறைக்கத்தக்கவை அல்ல. அவர் வீட்டு மசாலாப் பொடியின் சேர்மானம் அவருக்கு உரியது. அடுத்து, படத்தின் தொடக்கத்திலேயே அவர் பெயரும் ஊரும் குழுவும் சொல்லப்பட வேண்டும். பக்குவம் பரவும்போது பெயரும் கூடவே பரவினால், தங்களால் எடுக்க முடியாத வேலைக்கு மற்றவர்கள் அவரையே கைகாட்டுவார்கள். பெயரில்லாமல் பரவினால்தான் அவருக்கு இழப்பு. எங்கள் பக்கத்தில், சானல்காரர்கள் வந்து ஒரு மூதாட்டியிடம் பணியாரப் பக்குவத்தை எடுத்துப் போய், பெயர் போடாமல் வெளியிட்டார்கள். அதன் பிறகு அவர் கைப்பேசியைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்.

சட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்துக்கு உரியவர் அதைத் தயாரித்தவர். சமைத்துக் காட்டியவர் அல்லர். குழுக்களின் கூட்டமைப்பு ஏற்பாடு செய்து எடுத்தால் உரிமை கூட்டமைப்புக்கே போய்விட வாய்ப்பு உண்டு. ஆகவே பயிற்சிக்கு முன்பே, படம் யாருக்கு உரியது, குழுவுக்குள் மட்டுமா பொதுவிலுமா, வருமானம் வந்தால் எப்படிப் பகிர்வது, பிறகு வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கணவரின் கையெழுத்து வேண்டாம். சமைப்பவரின் கையெழுத்துப் போதும். முகம் காட்ட விரும்பாதவர்களுக்கு, கையும் குரலும் போதும் என்று முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். இந்த வேலைக்கு முகம் தேவையும் இல்லை. காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் பள்ளிக்குள் எடுப்பதாக இருந்தால் தலைமையாசிரியரிடமும் உரிய அலுவலரிடமும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். குழந்தைகள் எவரும் படத்தில் வரக் கூடாது.

கைப்பேசிக்கு வருவோம். ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு கைப்பேசி வாங்கி, குழுவின் பதிவேட்டில் ஏற்றி, குழுத் தலைவியிடம் இருக்கும்படி செய்யலாம். படங்கள் மகனின் கைப்பேசியில் கிடந்து அழிந்துபோவதை அது தடுக்கும்.

எடுத்த படத்தை எப்படிக் காட்டுவது என்பதைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை. எனக்கு அதுவே மிக முக்கியமாகத் தெரிகிறது. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 2006இல் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்னும் திட்டத்தில், கர்நாடகக் கிராமத்து உழவர்களையே பேச வைத்துப் படமெடுத்து, மாலை நேரத்தில் ஊராரைக் கூட்டிக் காட்டினார்கள். அங்கே படத்தைத் தானாக ஓடவிடவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, இடையிடையே நிறுத்தி, கேள்வி கேட்டு, பதில் சொல்ல வைத்து நடத்தினார். அந்த நடுவர் இருந்ததுதான் திட்டத்துக்கு வலு சேர்த்தது. தாங்களும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாமல், குழுவின் வாராந்திரக் கூட்டத்தில் ஒரு படத்தை ஓட்டி, முதல் பால் ஊற்றும் இடத்தில் நிறுத்தி, “இப்போது தீ எவ்வளவு இருக்கிறது?” என்று கேளுங்கள். முடிந்தால் அன்றே ஒரு சிறு சட்டியில் ஆளுக்கொருவராக வைத்துப் பார்க்கட்டும். அவர்கள் வைத்ததைப் படம்பிடித்து மூத்தவருக்கே அனுப்பினால், எங்கே பிசகியது என்று அவர் குரல் பதிவில் திருத்திச் சொல்வார். எழுதத் தயங்குபவர்களுக்கும் குரல் பதிவு எளிது.

ஒப்புதல் தாளின் வரைவு தயாரானதும் இந்த இழையிலேயே இடுங்கள். வரிவரியாகப் படித்துத் திருத்தம் சொல்கிறேன்.